முதலில் போகாத மனிதர்

மெல்பேர்னின் ஓரத்தில் டண்டினொங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரான வெள்ளைக்காரரை, நானும் என் கணவரும் எங்களுக்குள் 'முன்வீட்டுக்காரர்' என்றுதான் சொல்லிக்கொள்வோம். அவரும் மனைவியும் வீதியைப் பார்த்த வீட்டில் இருந்தார்கள். பின்வளவில் அவர் தன் கையாலேயே கட்டிய இரண்டு அறைப் பலகை வீட்டில் நாங்கள் இருந்தோம். பெயரில் மட்டும்தான் முன். வேறு எதிலும் அந்த மனிதர் முன்னுக்கு வந்ததை நான் கண்டதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்னில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் வீதியைக் கடந்து ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்கிற காலம். என் கணவருக்கு அங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை. எனக்கு நகரத்தில் ஒரு கந்தோரில் தட்டச்சு வேலை. முன்வீட்டுக்காரரும் நகரத்தில்தான், நில வரைபடங்களைச் சேர்த்துவைக்கும் ஏதோ ஓர் அரசாங்கப் பகுதியில் இருந்தார். ஆகவே காலையில் எனக்கும் அவருக்கும் ஒரே ரயில்.

ஒரே ரயில் என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. ஒரே ரயிலுக்குப் போவோம், அவ்வளவுதான். ரயில் வந்து நின்றதும் அவர் கதவைக் கையால் இழுத்துத் திறந்து பிடித்துக்கொள்வார். பிறகு ஒதுங்கி நிற்பார். நான் ஏறுவேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுவார்கள். தொழிற்சாலைப் பெண்கள் ஏறுவார்கள். ஸ்டேஷன் படிக்கட்டில் எவனாவது ஒருவன் சேர்ட்டை உள்ளே சொருகிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தால் அவனுக்காகவும் நிற்பார். விசில் ஊதிய பிறகுதான் தன் காலைத் தூக்குவார். சில நாட்களில் ரயில் அவரை விட்டுவிட்டே போய்விடும். மேடையில் நின்று எனக்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டுவார். அடுத்த நாள் கேட்டால், "எனக்கு அவசரமில்லை" என்பார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடங்களுக்குப் பிறகு நினைக்கும்போது எனக்கு அது எங்கள் ஊர்த் தமிழில்தான் கேட்கிறது. அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

ஐம்பதைத் தாண்டியவர். உயரம், சற்றே கூன். களைத்த முகம். காலையில் எழும்பும்போதே களைத்து எழும்புகிற ஒரு முகம் சிலருக்கு உண்டு, அந்த மாதிரி.

நாங்கள் வந்து சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிறு மத்தியானம் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டோம். இடியப்பம் அவித்து, சொதி வைத்து, உறைப்பைக் குறைத்துக் கோழிக்கறி காய்ச்சியிருந்தேன். எங்கள் வழக்கம் தெரிந்ததுதானே. வந்தவர்கள் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் விருந்து கொடுப்பவர்கள் தட்டெடுப்பது. நான் இருவருக்கும் பரிமாறிவிட்டுக் கரண்டியும் கையுமாக நின்றேன். அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் சாப்பிட இருக்கேல்லையோ?"

"நீங்கள் முதல் சாப்பிடுங்கோ. நாங்கள் பிறகு."

"இல்லையில்லை, நீங்கள் எடுங்கோ. எனக்கு அவசரமில்லை."

"எங்கட வழக்கம் அப்பிடி..."

"பரவாயில்லை. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

எவ்வளவு நேரம் இழுபட்டோம் என்று சொன்னால் வெட்கம். சொதியில் ஆடை படர்ந்துவிட்டது. அவருடைய மனைவி குள்ளமான, எலும்பும் தோலுமான மனுஷி. வாயில் எப்போதும் ஒரு சிகரெட். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் ஆறுதலாச் சண்டை பிடியுங்கோ, எனக்குப் பசிக்குது" என்று தன் தட்டில் கையை வைத்துவிட்டார். கடைசியில் என் கணவர் பொறுக்க மாட்டாமல் தனக்குத் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்து, பிய்த்து, ஒரு வாய் வைத்து விழுங்கிய பிறகுதான் அந்த மனிதர் முள்ளுக்கரண்டியை எடுத்தார். விருந்தாளியை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு நாங்கள் மட்டும் சாப்பிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அவர்கள் போன பிறகு, இனி இவரைக் கூப்பிடுவதில்லை என்று சொல்லிக்கொண்டேன். பிறகும் கூப்பிட்டேன். வேறு யார் இருந்தார்கள் எங்களுக்கு?

இறைச்சிக்கடையில் அவர் நிற்கிற வரிசை நகரவே நகராது. பின்னால் வருகிற எல்லோரையும் முன்னால் விடுவார். முடிவெட்டப் போனால் கடை பூட்டும் நேரத்தில்தான் வீட்டுக்கு வருவார். ஏப்ரல் மாதத்தில் பழைய சிப்பாய்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு நகரத்தில் அணிவகுத்துப் போகும் நாள் ஒன்று உண்டு. அவர் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் இருந்தவர், ஜெர்மனியில் பிடிபட்டுச் சிறைமுகாமில் கிடந்தவர் என்பது அப்படி ஒரு நாளில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அவர் கோட்டைத் தூசி தட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். என் கணவர் ஆர்வத்தோடு, "எந்த வரிசையிலை போவியள், சேர்? நாங்கள் வந்து பாக்கிறம்" என்று கேட்டார். அவர் சொல்லுமுன் மனைவி முந்திக்கொண்டார்.

"கடைசி வரிசைக்குப் பின்னாலை பாருங்கோ. குதிரைச் சாணம் அள்ளுறவனுக்குக் கொஞ்சம் முன்னாலை வருவார்."

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். மரியாதை தெரிந்த மனிதர் என்று என் கணவர் நண்பர்களுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். வெள்ளைக்காரரில் இப்படி ஒருவரா என்று அவர்களும் கேட்டார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பை ஒரு மழைக்காலப் பின்னேரம் கெடுத்தது. வேலை முடிந்து திரும்புகிற வழியில் ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. அன்று பெட்டியில் நெரிசல். முன்வீட்டுக்காரர் வழக்கம்போலக் கடைசியாக ஏறியவர், அதனால் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றார். நான் அவருக்குப் பின்னால். ரயில் காவலாளி வெளியே கற்களில் நடந்து வந்து கதவைத் திறந்து, கீழே ஒரு சிறு ஏணியைச் சாத்தினார். எல்லோரும் இறங்கி அடுத்த ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டுமாம். "நீங்கள்தான் முதல், இறங்குங்கோ" என்று அவரைப் பார்த்துச் சொன்னார்.

அவர் இறங்கவில்லை. இரண்டு கைகளாலும் கதவின் இரண்டு பக்கங்களையும் பிடித்துக்கொண்டார். ஒதுங்கி வழிவிடப் பெட்டிக்குள் இடமில்லை. முன்னால் கதவு, பின்னால் நாங்கள். "சேர்?" என்றேன். திரும்பவில்லை. காவலாளி இன்னொரு தரம் சொன்னார். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு கத்தினார்கள். யாரோ கெட்ட வார்த்தையில் ஏசினான். நான் அவருடைய விரல்களைப் பார்த்தேன். நகங்கள் வெளுத்துப்போயிருந்தன. கடைசியில் ஒரு தடித்த மனிதன் என்னையும் இடித்துக்கொண்டு வந்து, அவருடைய ஒரு கையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவர் கக்கத்துக்குக் கீழால் நுழைந்து இறங்கினான். ஒருவன் இறங்கியதும் அவர் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி, எல்லோருக்கும் வழிவிட்டார். கிழவிகளுக்குக் கைகொடுத்தார். பெட்டி வெறுமையான பிறகு, உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, இறங்கினார். முகம் சாம்பலாக இருந்தது. ஸ்டேஷன்வரை மழையில் என்னோடு நடந்தார். எனக்கு அவரிடம் முதல்தடவையாகப் பயம் வந்தது.

அடுத்த நாள் அவருடைய மனைவி பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன். அவருக்கு நடந்தது தெரிந்திருந்தது. மரக்கவ்வி ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் அதை மரியாதை எண்டு நினைக்கினம், பிள்ளை. மரியாதை இல்லை. பயம்."

பிறகு ஈரப் போர்வையின் இரண்டு முனைகளை என் கையில் கொடுத்து, பிழிந்துகொண்டே சொன்னார். அந்த விமானத்தில் ஏழு பேராம். அவருக்கு இடம் விமானத்தின் மூக்குப் பகுதியில். குப்புறப் படுத்துக்கொண்டு கீழே பார்த்துக் குண்டுகளை விடுவிப்பது அவர் வேலை. அவர் படுத்திருக்கிற இடத்துக்குக் கீழேதான் வெளியே குதிக்கிற கதவு. முன்பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால் விமானம் அடிபட்டால், கதவைத் திறந்து முதலில் குதிப்பது அவருடைய கடமை. அவர் தயங்கினால் மற்றவர்களுக்கு வழியில்லை.

"அடிபட்டுது. நெருப்பு. விமானி சொல்லியிருக்கிறான், நீ போ, நாங்கள் உனக்குப் பின்னாலைதான் வாறம் எண்டு. இவர் போனார். சொன்னபடிதான் செய்தவர், பிள்ளை. ஒரு பிழையும் விடேல்லை. பரசூட் விரிஞ்சு தொங்கிக்கொண்டு மேலை பாக்கிறார், ஒருத்தரும் வரேல்லை. பிறகு அந்த விமானம் இருந்த இடத்திலை வெறும் வெளிச்சம்."

நான் போர்வையை விட்டுவிட்டேன். அது நிலத்தில் விழுந்தது. அவர் அதை எடுத்து உதறினார்.

பயிர்க்காணி ஒன்றில் விழுந்த அவரை விவசாயிகள் பிடித்துக் கொடுத்தார்கள். விசாரித்தவர்கள் மற்றவர்களின் பெயரைக் கேட்டபோது, கேட்கிறார்கள் என்றால் யாரோ உயிரோடு இருக்கிறார்கள் என்று அவர் சந்தோஷப்பட்டாராம். பெயர் சொல்லக்கூடாது என்பது கட்டளை. சொல்லவில்லை. முகாமில் இருந்த காலம் முழுக்க, புதிய கைதிகளைக் கொண்டுவருகிற நேரமெல்லாம் முள்ளுக்கம்பி வாசலுக்குப் போய் நிற்பாராம். மற்றக் கைதிகள் ஊர்ப் புதினம் கேட்கப் போவார்கள். இவர் ஒன்றும் கேட்பதில்லை, முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். போர் முடியப்போகிற கடைசிப் பனிக்காலத்தில் எல்லோரையும் பனிக்குள் நாட்கணக்காக நடத்திக்கொண்டு போனார்கள். அப்போதும் வரிசையின் வாலில் நடந்தார். விழுந்தவர்களைத் தூக்கி நடத்தினார். அதற்காக அவரைப் பெரிய மனிதர் என்று சொல்லுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களாம்.

"எனக்கே கலியாணம் முடிச்சு எவ்வளவோ காலத்துக்குப் பிறகுதான் சொன்னவர், அதுவும் காய்ச்சலிலை. நீ ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார். "முப்பது வருஷமா ஒவ்வொரு கதவிலையும் இந்த மனுசனுக்காக நிண்டு களைச்சுப் போனன்."

நான் சொல்லவில்லை. என் கணவருக்கும் சொல்லவில்லை. அதனால் வந்தது வினை.

இரண்டு வருடம் கழித்து நாங்கள் அதே ஊரில், நாலு தெரு தள்ளி, ஒரு சின்னச் செங்கல் வீடு வாங்கினோம். குடிபுகுகிற நாள் குறித்தாயிற்று. சிட்னியில் லிட்கம்மில் இருந்த என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், குத்துவிளக்கோடு வருவதாகச் சொல்லியிருந்தார். மச்சாளுக்குச் சாத்திரம் சம்பிரதாயம் எல்லாம் விரல்நுனியில். தொலைபேசியில் அவர் போட்ட முதல் கட்டளை, "தம்பி, முதல் காலடி வைக்கிறதுக்கு நல்லாய் வாழ்ந்த மூத்த சோடி ஒண்டு வேணும். ஆரையும் பார்" என்பது. எங்களுக்கு அந்த ஊரில் மூத்த சோடி என்று யார்? என் கணவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முன்வீட்டுக்குப் போய், நெஞ்சு நிறைந்த அன்போடு, அந்த மனிதரிடம் சொல்லிவிட்டார்.

"சேர், எங்களுக்குத் தாய் தகப்பன் இஞ்சை இல்லை. புது வீட்டுக்குள்ளை முதல் ஆளாய் நீங்கள்தான் போகவேணும். நாங்கள் எல்லாரும் உங்களுக்குப் பின்னாலை வருவம். எங்கட ஆக்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இல்லை."

நான் வாசலில் வந்து நிற்கும்போது கடைசி வசனம் காதில் விழுந்தது. அவருடைய மனைவி சிகரெட்டைப் பாதியில் நசுக்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் என் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மெதுவாக, "ஓம்" என்றார். "வாறன்."

வீட்டுக்கு வந்ததும் என் கணவருக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத மாட்டேன். வாக்குக் கொடுத்ததை விட்டுவிட்டுக் கதை முழுவதையும் அவருக்குச் சொன்னேன். மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஏனப்பா முதலே சொல்லேல்லை?" என்றார். சொல்லாமல் இருந்ததில் எனக்குப் பிழை தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. கேட்காமல் ஓடியவர் அவர். இப்போது மாற்றினாலும் அவமரியாதை, மாற்றாவிட்டாலும் கொடுமை. அந்தக் கிழமை முழுவதும் முன்வீட்டுக்காரர் எங்கள் ரயிலுக்கு வரவில்லை. முந்திய ரயிலில் போய்விடுகிறார் என்று தெரிந்தது. எங்களுக்கு அந்த நாட்டில் சொந்தம் மாதிரி இருந்த ஒரே மனிதரை ஒரு நல்ல காரியத்தால் இழக்கப்போகிறோம் என்று பயந்தேன்.

பொறுக்க முடியாமல் அவருடைய மனைவியிடம் போனேன். "நீங்கள் முதல் காலை வையுங்கோ. அவர் உங்களுக்குப் பின்னாலை வரட்டும். மச்சாளை நான் சமாளிக்கிறன்."

அவர் தலையை ஆட்டினார். "வேண்டாம். இவ்வளவு காலத்திலை அவர் ஒண்டுக்கு முதல் ஆளாய்ப் போறன் எண்டு சொன்னது இதுக்கு மட்டும்தான். உன்ர மனுசன் கேட்ட விதத்திலை மறுக்க ஏலாமல் சொன்னாரோ, என்னவோ. சொல்லிட்டார். அண்டைக்கு ஏலாமல் திரும்பி வந்தாரெண்டால் இனிச் சாகும்வரை ஒண்டுக்கும் ஓம் எண்டு சொல்ல மாட்டார். அதுக்கு நான் பயப்பிடுறன். ஆனால் நீ இடையிலை புகுந்து கெடுத்துப் போடாதை."

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனிதர்கள் ஒரு காலைப்பொழுதில் மாறிவிடுவதில்லை. குடிபுகுந்த பிறகும், அவர் ஓய்வு பெறும்வரை, ரயிலில் கடைசியாகத்தான் ஏறினார். இறைச்சிக்கடையில் கடைசியாகத்தான் வாங்கினார். அவர் குணமாகிவிட்டார் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை.

குளிர்காலத்துச் சனிக்கிழமை காலை. புல்லில் உறைபனி. வெறும் வீடு, ஒரு கதிரைகூட இன்னும் வரவில்லை. குசினியில் அடுப்பு மட்டும் இருந்தது. மச்சாள் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொன்றைக் கொடுத்தார். அவருடைய மனைவிக்கு அரிசியும் உப்பும். எனக்குப் பால் போத்தல். என் கணவருக்கு நிறைகுடம். விளக்கு மச்சாளின் கையில். பிள்ளையார் படத்தை முன்வீட்டுக்காரரிடம் கொடுத்தார். ஏப்ரல் மாதத்துக் கோட்டு அணிந்து, தலையை ஒட்டச் சீவி, படத்தை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் நின்றார்.

"வலது காலை வையுங்கோ, ஐயா" என்றார் மச்சாள் ஆங்கிலத்தில். மச்சாளுக்குக் கதை தெரியாது.

அவர் கால் எழவில்லை. கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே வெறும் கூடம். அவருடைய மூச்சு புகையாக வந்து போய்க்கொண்டிருந்தது. படத்தைப் பிடித்திருந்த விரல்களை நான் பார்த்தேன். நகங்கள் வெளுத்திருந்தன.

"நல்ல நேரம் முடியப்போகுது, தம்பி" என்று மச்சாள் மெல்லத் தமிழில் சொன்னார். என் கணவர் ஒரு அடி முன்னால் வந்தார். அவருடைய வாய் திறந்ததும் என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'நீங்கள் போங்கோ சேர், நாங்கள் பின்னாலைதான் வாறம்.' வேறு என்ன சொல்வார்? யாராக இருந்தாலும் அதைத்தானே சொல்வார்கள். நான் அவருடைய காலை ஓங்கி மிதித்தேன். "ஆ" என்று வாயை மூடிக்கொண்டார்.

சொல்ல ஒன்றும் இல்லை. அந்த மனிதரிடம் சொல்லக்கூடியதை முப்பது வருடத்துக்கு முன்பே ஒருவன் சொல்லிவிட்டான். எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பால் போத்தலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அவருடைய கோட்டின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்தேன். நன்றாக, இழுத்துப் பிடித்தேன். அவருடைய முதுகு ஒருமுறை துள்ளியது.

"என்ன செய்யிறீர்?" என்றார் என் கணவர்.

"என்ர சேலையைப் பிடியுங்கோ."

"என்ன?"

"பிடியுங்கோ எண்டு சொல்லுறன்! மச்சாள், நீங்கள் இவற்ற சேர்ட்டைப் பிடியுங்கோ."

மச்சாளின் புருவம் உச்சிக்குப் போனது. பிற ஆண் ஒருவரின் முதுகைத் தொட்டுக்கொண்டு, புதுவீட்டு வாசலில், வெள்ளைக்காரத் தெருவில் நான் நிற்கிறேன். ஆனாலும் என் குரலில் எதையோ கேட்டிருப்பார். தம்பியின் சேர்ட்டைப் பிடித்தார். எல்லோருக்கும் பின்னால் போய் நின்ற முன்வீட்டு மனுஷி, மச்சாளின் தோளைப் பற்றிக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் ரயில் விளையாடுகிற மாதிரி ஐந்து பேரும் அந்தப் படியில் கொளுவிக்கொண்டு நின்றோம். எதிர்வீட்டுக்காரன் வேலிச்செடி நறுக்குவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

அவர் முன்னால் சாய்ந்து பார்த்தார். நான் விடவில்லை. இன்னொரு தரம் சாய்ந்தார். கோட்டு இறுகியது. என் பாரம் அவர் முதுகில் தெரிந்திருக்கும், எனக்குப் பின்னால் என் கணவரின் பாரம், அவருக்குப் பின்னால் மச்சாளுடையது. அவர் வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். நான் இழுபட்டுக்கொண்டு போனேன். என் கணவரின் நிறைகுடத்துத் தண்ணீர் என் முதுகில் கொட்டியது. மச்சாள் கதவுநிலையில் இடித்துக்கொண்டார்.

கூடத்தின் நடுவில் போய் நின்று அவர் திரும்பினார். திரும்ப முடியவில்லை, நான்தான் இன்னும் கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விட்டேன். என்னைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்த மச்சாளைப் பார்த்தார். கடைசியாகத் தன் மனைவியைப் பார்த்தார்.

"எல்லாரும் வந்தாச்சோ?" என்று கேட்டார்.

"வந்திட்டம்" என்றார் அவருடைய மனைவி.

மச்சாள் காட்டிய மூலையில் படத்தைக் கவனமாக வைத்தார். நான் குசினிக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன். பால் பொங்கியதும் அதில் அரிசியைப் போட்டு, புக்கை என்று நாங்கள் சொல்கிற பொங்கலைப் பொங்கிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது, அவர் சுவரில் சாய்ந்து வெறுந்தரையில் கால்நீட்டி உட்கார்ந்தபடி தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கோட்டின் பின்பக்கம் என் கைப்பிடியில் கசங்கி, சுவருக்கும் அவருக்கும் நடுவில் சுருண்டு கிடந்தது.

"எழுப்பட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றார் அவருடைய மனைவி. "இவர் பகலிலை நித்திரை கொண்டு நான் பாத்ததில்லை."

புக்கையைப் படைத்தாயிற்று. கோப்பைகளில் போட்டும் ஆயிற்று. என் கணவருக்குப் பசியில் வயிறு சத்தம் போட்டது. கோப்பையை நோக்கி நீண்ட அவருடைய கையை மச்சாள் தட்டிவிட்டார்.

"முதல் காலடி வைச்ச மூத்தவர் வாய் வைக்காமல் நாங்கள் எப்பிடித் தம்பி சாப்பிடுறது? அவர் எழும்பட்டும்."

முன்வீட்டு மனுஷி கையில் கரண்டியோடு, மச்சாள் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். அவருக்கும் காலையிலிருந்து வெறும் வயிறு. சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, சேலை கட்டிய எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், தரையில் உட்கார்ந்தார்.

கதவைச் சாத்தியும் குளிர் போகவில்லை. புக்கை ஆறி இறுகியது. அவர் கண்ணைத் திறந்தபோது நாங்கள் நாலு பேரும் தொடாத கோப்பைகளை முன்னால் வைத்துக்கொண்டு அவரைச் சுற்றி இருந்தோம். எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர்போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"என்ன, நீங்கள் சாப்பிடேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

"ஏன்?"

"நீங்கள் சாப்பிட்டால்தான் நாங்கள் சாப்பிடலாம்."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த மனுஷியின் கண் கலங்கியிருந்தது, குரலில் மட்டும் வழக்கமான எரிச்சல்.

"எனக்குப் பசிக்குது, மனுசா. சாப்பிடு."

அவர் கோப்பையைக் கையில் எடுத்தார். கரண்டியால் கொஞ்சம் அள்ளி, எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டே வாயில் வைத்து, மென்று, விழுங்கினார். அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம்.